பாலம் எப்போது?

வாரன் விட்காமைப் பிடிக்காதவர்கள் அந்த மாநிலத்தில் இருந்திருந்தால், அவர்கள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. கவர்னர் என்றுகூட யாரும் அவரைச் சொல்வதில்லை. பெட்ரோல் பங்கிலும் வாரன், சர்ச் வாசலிலும் வாரன். தன் பிக்கப் வண்டியைத் தானே ஓட்டுவார். மேப்பிள் பாகு காய்ச்சும் பருவத்தில் எந்தக் கொட்டகையில் புகை கிளம்பினாலும் உள்ளே தலையை நீட்டி, ஒரு குவளை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போவார். எதிர்க்கட்சிக்காரர்களே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அதை ஒளிக்கவும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கவர்னர் தேர்தல். இந்த முறை அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மர்லீன் தீபோ நின்றாள்.

ஊர் சிரித்தது. மர்லீன் ஆல்டர்ஃபோர்டில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள் என்பது அதற்குக் காரணமில்லை. வாரனின் தேர்தல் நோட்டீஸில் இருந்ததே அவள் முகம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலையில் ஸ்லேட் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்ததும் வாரன் வந்தார். கூட போலீஸ் இல்லை, கார் வரிசை இல்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் கையில் சொந்த மண்வாரியுமாக வந்தார். மர்லீன் வீட்டு நிலவறையில் இறங்கிச் சேறு அள்ளினார். பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுத்தான். படத்தில் வாரன் இடுப்புவரை சேறாக, பச்சை டேப் சுற்றிய மண்வாரியை ஊன்றி நிற்கிறார். பக்கத்தில் மர்லீன் காபிக் குவளையை நீட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். படத்துக்குக் கீழே இரண்டே சொல்: 'நம்ம ஆளு.' அந்த வருஷம் நவம்பரில் அந்தப் படம்தான் அவரை ஜெயிக்கவைத்தது என்றார்கள். படம் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். இந்த முறையும் அதே படத்தைத்தான் அச்சடித்திருந்தார்கள். ஊரில் பாதி வீட்டுப் பிரிட்ஜ் கதவில் அது ஒட்டியிருந்தது.

அந்தச் சிரிப்பு பொய்யில்லை. மர்லீன் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. படம் எடுத்த பிறகும் அந்த மனிதர் இருட்டும்வரை அள்ளினார். முதுகு பிடித்துக்கொண்டபோது சுவரில் சாய்ந்து, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, மறுபடி குனிந்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

ஏனென்றால் அதே வெள்ளத்தில் பாலமும் போனது. ஆல்டர்ஃபோர்டை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடமும் டவுன் ஹாலும் இந்தக் கரையில் இருந்தன, பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கரையில். பாலம் இருந்தபோது மர்லீன் ஒரு பாட்டு முடிவதற்குள் பஸ்ஸை அக்கரை சேர்த்துவிடுவாள். இப்போது மலைச்சாலையில் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் தடுப்பு இல்லாத சரிவு. குப்பைக்கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லைல் ஹேஸ்கின்ஸின் பேத்தி டெஸ்ஸா தினமும் காலையில் மூன்றாவது வளைவில் வாந்தி எடுப்பாள். அதற்கென்றே மர்லீன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தாள். இரண்டு குளிர்காலம் அப்படி ஓட்டியாயிற்று. போன பிப்ரவரியில் பஸ்ஸின் பின்சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கிச் சரிவின் விளிம்புக்குப் போனது. பிள்ளைகள் கத்தவில்லை. சத்தமே போடாமல் எல்லாரும் ஒரே பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள், யாரோ பழக்கியதைப் போல. மர்லீனால் மறக்க முடியாதது அந்த அமைதிதான்.

பாலத்தைப் பற்றித் தலைநகரத்தில் கேட்டால் ஆய்வு நடக்கிறது என்றார்கள். அடுத்த முறை கேட்டால் ஆய்வு முடியப்போகிறது. அதற்கடுத்த முறை புதிதாக ஒரு ஆய்வு. வாரனிடம் கேளுங்கள் என்றால் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். சேறு அள்ளின மனுஷனிடம் போய்ப் பாலம் எங்கே என்று எப்படிக் கேட்பது?

மர்லீன் கேட்பதற்காக நின்றாள். ஜெயிப்பதற்கு இல்லை. எதிர்த்து நிற்கிறவளுக்காவது அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தாள். எந்த வருஷம் என்று நாலு பேர் முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் அடித்த தட்டிகளில் தன் பெயரைக்கூடப் போடவில்லை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து: 'பாலம் எப்போது?'

"பேர் போடாம ஓட்டுக் கேக்கற முதல் ஆளு நீதான்," என்றான் புருஷன் அர்மான்.

"நான் ஓட்டா கேட்டேன்? பதிலைத்தானே கேக்கறேன்."

அக்டோபரில் ஒருநாள் அர்மான் விறகு அடுக்க நிலவறைக்குப் போனவன் கையில் ஒரு மண்வாரியோடு மேலே வந்தான். பிடியில் பச்சை டேப். டேப்புக்குக் கீழே மரத்தில் சூடு போட்டு எழுதிய இரண்டு எழுத்து, வாரன் விட்காமின் முதலெழுத்துகள். பாய்லருக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறது.

"அன்னைக்கு விட்டுட்டுப் போயிட்டார்," என்றாள் மர்லீன்.

அர்மானின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "போன வாரம் ரேடியோல என்ன சொன்னார்? ஆல்டர்ஃபோர்ட்ல சேறு அள்ளின மண்வாரி என் ஆபீஸ் சுவத்துல தொங்குது, தினமும் காலைல அதைப் பார்த்துட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கறேன்னார் இல்ல?"

"ஆமா."

"அப்ப அங்க தொங்கறது எது?"

அர்மான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இதைப் பத்திரிகைல குடு. நம்ம ஆளாம் நம்ம ஆளு. அந்தப் படத்தையே கிழிச்சுப் போட்டுடலாம்."

"ஒண்ணும் கிழியாது. எல்லாரும் சிரிச்சுட்டு அவருக்கே குத்துவாங்க. பேச்சு மண்வாரியப் பத்தி ஆயிடும். பாலத்தை எவன் கேப்பான்?"

"இதை வச்சிட்டு என்னதான் பண்ணப்போற?"

"அவரோட பொருள். குடுத்துடறேன்."

"உன்ன மாதிரி ஒரு அரசியல்வாதியை நான் பார்த்ததில்ல," என்று அர்மான் எழுந்து போனான். கோபம்தான். ஆனாலும் சனிக்கிழமை காலையில் குப்பைப் பைகளை வண்டியில் ஏற்றும்போது மண்வாரியையும் அவனே எடுத்து மேலே வைத்தான்.

சனிக்கிழமை காலை என்றால் ஊரே குப்பைக்கிடங்கில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து குப்பை வாங்குகிற வண்டி அந்தப் பக்கத்தில் கிடையாது. அவரவர் மூட்டையை அவரவர் கொண்டுவர வேண்டும். கண்ணாடிக்கு ஒரு தொட்டி, தகரத்துக்கு ஒன்று, மூலையில் இரும்புக் குவியல். வேண்டாத நல்ல பொருளை வைத்துவிட்டுப் போக ஒரு கொட்டகை. பள்ளிக்கூட மாணவர்கள் டோனட் விற்பார்கள். எந்தத் தேர்தலாக இருந்தாலும் வேட்பாளர்கள் அங்கே வந்தாக வேண்டும். டவுன் ஹாலில் கூட்டம் போட்டால் பதினைந்து பேர் வருவார்கள். குப்பைக்கு எல்லாரும் வருவார்கள்.

அங்கே சட்டம் லைல் ஹேஸ்கின்ஸ். கேட்டுக்கு வெளியே எதையும் பேசலாம். உள்ளே அரசியல் கிடையாது. தட்டி கிடையாது, நோட்டீஸ் கிடையாது. உள்ளே வரும் வேட்பாளர் ஜனங்களின் மூட்டையை இறக்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். வாரனுக்கு அந்தச் சட்டம் அல்வா மாதிரி. அவர் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதே இல்லை. மூட்டை தூக்கினால் போதும்.

மர்லீன் வண்டியைக் கேட்டில் நிறுத்தினாள். பின்பக்கம் தட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை எடு," என்றார் லைல்.

"கேள்விதான எழுதியிருக்கு?"

"எனக்கு எழுத்து தெரியும். எடுத்து வெளிய வை. உன் பஸ்ல எவனாவது நடு வழியில எந்திரிச்சு நின்னா விடுவியா?"

"விடமாட்டேன்."

"அதேதான்."

அவள் இறங்கித் தட்டியை வேலி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். உள்ளே ஏற்கெனவே சிரிப்புச் சத்தம். வாரன் வந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, பழைய தொப்பி. ஒரு கிழவருக்கு மெத்தையை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இதுல தூங்கி எந்திரிச்சதுக்கு உங்களுக்குப் பதக்கம் குடுக்கணும், எட்கர்," என்றார். கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மர்லீனைப் பார்த்ததும் வாரனே நடந்து வந்தார். "வா மர்லீன். இன்னைக்குக் காபி இல்லையா?"

கூட்டம் சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவரிடம் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

"இருங்க, உங்க பொருள் ஒண்ணு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். மூட்டை தூக்கிப் பழகின கை. கறுப்பு மூட்டை இந்தப் பக்கம், பாட்டில் பெட்டி அந்தப் பக்கம். பேசிக்கொண்டே, யாருக்கோ கையசைத்துக்கொண்டே, மண்வாரியை எடுத்து, பார்க்காமல், இரும்புக் குவியலில் வீசினார். கணீர் என்று ஒரு சத்தம். துருப்பிடித்த சைக்கிள் மேல் விழுந்து, பச்சைப் பிடி மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பிடியை ஆல்டர்ஃபோர்டில் அடையாளம் தெரியாதவர்கள் இல்லை. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறார்களே. டோனட் விற்ற பெண்ணின் கை அப்படியே நின்றது.

லைல் நடந்துபோய் மண்வாரியை உருவி, எழுத்தைப் பார்த்தார். "வாரன்," என்றார். "இது உங்க ஆபீஸ் சுவத்துல இல்ல தொங்கணும்?"

வாரனின் காது சிவந்தது. எல்லாரும் மர்லீனைப் பார்த்தார்கள், அவள்தான் ஏதோ பொறி வைத்துவிட்டதைப் போல. அர்மான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம்தான். வாரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அங்க தொங்கறது இதோட தம்பி," என்றார். "இவன் மர்லீன் வீட்டுலயே தங்கிட்டான். அங்க சாப்பாடு நல்லா இருக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

கிடங்கே சிரித்து அதிர்ந்தது. எட்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. மர்லீன் நினைத்தபடியேதான். பொய் பிடிபட்டு அரை நிமிஷத்தில் அது ஒரு நல்ல கதையாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு ஓட்டு கூடினாலும் கூடும்.

வாரன் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "நன்றி. நீ நெனச்சிருந்தா இதை வேற மாதிரி ஆக்கியிருக்கலாம். எனக்குத் தெரியும்."

"பரவால்ல."

"கேளு. வசந்தத்துல சாலை வேலைக்குப் பணம் ஒதுக்கற பட்டியல்ல உன் பாலத்தை மேல ஏத்தப் பாக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன். நீ இந்தத் தட்டியெல்லாம் எடுத்துடு. உன் பேர் ஓட்டுச் சீட்டுல இருந்துட்டுப் போகட்டும், ஆனா இந்தக் கேள்வி வேண்டாம். மத்த ஊர்க்காரன்லாம் பாக்கறான். அவன் அவனும் ஆரம்பிச்சா நான் எங்க போவேன்?"

"மேல ஏத்தறேன்னா எந்த வருஷம்?"

"அதை எப்படிச் சொல்ல முடியும்? சட்டசபை பணம் குடுக்கணும்."

"இப்ப என் காதுல சொன்னீங்களே, அதை அப்படியே சத்தமா சொல்லுங்க. இவங்க கேக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. களைத்த, கொஞ்சம் வயதான முகம். "அதெல்லாம் அப்படிச் செய்யறது இல்லம்மா," என்றார்.

மர்லீன் ஓரடி பின்னால் நகர்ந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கவேண்டிய குரல் அது, அதை அவள் உயர்த்தவும் வேண்டியிருக்கவில்லை.

"வாரன் என் வீட்டுல சேறு அள்ளினார். நல்லாவே அள்ளினார். முதுகு ஒடிய அள்ளினார். நான் காபி குடுத்தேன், சிரிச்சேன், படம் எடுத்தாங்க. அதுல ஒண்ணும் பொய் இல்ல. ஆனா சேறு எட்கர்கூட அள்ளுவார். லைல் அள்ளுவார். அன்னைக்கு அள்ளவும் அள்ளினாங்க. அவங்களை எவனும் படம் எடுக்கல. பாலம் எட்கரால கட்ட முடியாது. அது கவர்னரோட வேலை. எங்க வேலைய நீங்க செஞ்சீங்க, சந்தோஷம். உங்க வேலைய யார் செய்யறது?"

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் யாரோ போட்ட பாட்டில் உருண்டு உடைந்தது.

"எந்த வருஷம்னு கேக்கறேன், வாரன். ஒரு வருஷத்தைச் சொல்லுங்க. தப்பாப் போனாலும் பரவால்ல."

"வேலை நடந்துட்டிருக்கு," என்றார் வாரன் கூட்டத்தைப் பார்த்து. குரலில் பழைய நெருக்கம். "ஆல்டர்ஃபோர்டை நான் மறப்பேனா? நீங்களே சொல்லுங்க."

கைதட்டினார்கள். ஒரு பெண், "அவரை விடு மர்லீன், வெக்கமா இருக்கு," என்றாள். வேறொருத்தன், "பாலம் வர்றதையும் கெடுத்துடுவா இவ," என்றான். அது யார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் தினமும் பஸ்ஸில் அவன் பிள்ளையை ஏற்ற வேண்டும்.

லைல் வந்து அவளுக்கு முன்னால் நின்றார். "போதும். கேட்டுக்கு உள்ள அரசியல் இல்ல. வெளிய போ."

"அவர் பேசினது?"

"அவர் மூட்டை தூக்கறார். நீ போ."

"சரி," என்றாள். "போறேன். ஆனா நின்னுதான் தீருவேன்." அவள் கேட்டைத் தாண்டி, தட்டியை எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றாள். கிடங்கை மூடும்வரை நின்றாள். மழை தூறியது. போகிற வண்டிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. வாரனின் பிக்கப் கடந்தபோது அவர் மட்டும் கையசைத்தார். மண்வாரியை மறுபடியும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அர்மான் கேட்டான், "மேல ஏத்தறேன்னாரே, ஒத்துக்கிட்டிருக்கலாமோ?"

"காதுல சொன்னதைக் காதுலயே மறந்துடலாம்."



தேர்தலில் வாரன் ஜெயித்தார். சாதாரணமாக இல்லை, வாரிக்கொண்டு போனார். மறுநாள் காலை பஸ்ஸை விட்டுவிட்டு வந்து டவுன் ஹால் கதவில் ஒட்டியிருந்த ஓட்டுக் கணக்கை மர்லீன் படித்தாள். ஆல்டர்ஃபோர்டிலும் அவரே. அக்கரையிலிருந்து மலை சுற்றி வந்து ஓட்டுப் போட்டவர்களிலும் பெரும்பாலானவர்கள் அவருக்குத்தான் போட்டிருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது.

"நான் உனக்குத்தான் போட்டேன்," என்றான் அர்மான் வீட்டில், சூப் கிண்ணத்தை நீட்டியபடி.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போடலன்னா இவ்வளவு தைரியமா சூப் கேப்பியா?"

டவுன் கிளார்க் பெவர்லி மதியம் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "தேர்தல் தட்டியெல்லாம் எடுத்துடணும் மர்லீன். ஊர் விதி," என்றாள்.

"எந்தத் தட்டி?"

"இதோ நிக்குதே."

"இதுல யார் பேராவது இருக்கா? கட்சி இருக்கா? ஓட்டுப் போடுன்னு இருக்கா?"

பெவர்லி படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். "இல்ல," என்றாள்.

"அப்ப அது தேர்தல் தட்டி இல்ல. கேள்வி. பதில் வந்ததும் எடுத்துடறேன்."

"பிடிவாதம் பிடிச்ச கழுதை நீ," என்று சொல்லிவிட்டுப் பெவர்லி போனாள். கோபமாகச் சொன்னமாதிரி இல்லை.

அந்த வருஷம் பனி சீக்கிரமே வந்தது. தேர்தல் முடிந்த அடுத்த வாரமே ஒரு காலையில் மலைச்சாலை கண்ணாடியாகிவிட்டது. மூன்றாவது வளைவில் மர்லீன் பிரேக்கைத் தொடவே இல்லை. கியரைக் குறைத்து, பஸ்ஸைப் பாறைப் பக்கமாகவே உரச விட்டாள். தகரம் கிழிகிற சத்தத்தோடு பஸ் நின்றது. பின்னால் திரும்பினாள். பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே பாறைப் பக்க சீட்டுகளில் இருந்தார்கள். டெஸ்ஸா வாளியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வரல," என்றாள், பெருமையாக.

பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். லைல் தன் பழைய டிரக்கின் சக்கரங்களில் வழுக்காமலிருக்கச் சங்கிலி சுற்றிக்கொண்டு வந்தார். கிழிந்த தகரத்தைப் பார்த்தார். சரிவின் விளிம்புவரை நடந்துபோய்க் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டெஸ்ஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அவள் குப்பையோடு போனபோது கேட் திறந்திருந்தது. லைல் கேட்டுக்கு உள்ளே, தொட்டிகளுக்கு நேர் எதிரே, எல்லா வண்டியும் திரும்பும் இடத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மண் இறுகிக் கிடந்தது. மண்வாரியின் பச்சைப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் காலால் மிதித்தார். பக்கத்தில் அவர் வீட்டு மேசையை அறுத்துச் செய்த பெரிய பலகை கிடந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. அதே கேள்வி.

மர்லீன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். "கேட்டுக்கு உள்ள அரசியல் கிடையாதே."

"கிடையாது," என்றார் லைல். "நான் வாரனுக்குத்தான் போட்டேன். அடுத்த வாட்டியும் போடுவேன். உனக்குப் போடமாட்டேன், நீ ரொம்பப் பேசற." பலகையின் காலைக் குழியில் இறக்கினார். "அந்தப் பக்கம் பிடி. நேரா நிக்குதா பாரு."

அவள் இறங்கிப் பிடித்தாள். அவர் மண்ணைத் தள்ளினார். பின்னால் எட்கரின் வண்டி வந்து நின்றது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து, குழியைச் சுற்றிப் பூட்ஸால் மிதித்து மண்ணை இறுக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வருவார்," என்றார் லைல், மூச்சு வாங்கியபடி. "மூட்டை தூக்க. இங்கதான் திரும்பணும்."

"இடப்பக்கம் சாயுது," என்றாள் மர்லீன். "இன்னும் ஆழமாத் தோண்டுங்க."